பாசி எடுக்கும் அக்காமாருக்கான ஒப்புதல் படிவம்: உதவி வேண்டும்

வணக்கம். பாம்பன் பக்கம் கடல்பாசி எடுக்கும் பெண்களுக்கு வரும் கை, கண் பாதிப்பு பற்றி ஆய்வு செய்யவிருக்கிறேன். ஒப்புதல் படிவத்தின் தமிழ் புரியவில்லை என்று நெறிமுறைக் குழு திருப்பி அனுப்பிவிட்டது. சரிதான். ஓர் அக்காவிடம் வாசித்துக் காட்டினேன். விரலில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்தபடியே, "இதுல கைநாட்டு வெச்சா தீவுப்பக்கம் போக விடமாட்டாங்களா தம்பி?" என்று கேட்டார். தீவுகளுக்குப் போகவிடாமல் தடுக்கும் வனத்துறையின் காகிதம் என்று பயந்துவிட்டார். அந்தப் பயத்தோடு வாங்கும் கைநாட்டு சம்மதமே இல்லை.

இந்தக் கரையைச் சேர்ந்த யாராவது படிவத்தைப் பேச்சு வழக்கில் திருத்தித் தர முடியுமா? 'எப்போது வேண்டுமானாலும் விலகலாம்' என்பது தெளிவாகப் புரிய வேண்டும்.

அப்புறம், ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017 வழிகாட்டுதல்படி, எழுதப் படிக்கத் தெரியாதவர் கைநாட்டு வைக்கும்போது ஆய்வோடு தொடர்பில்லாத சாட்சி ஒருவர் உடனிருக்க வேண்டும். பாசி வாங்கும் வியாபாரிகள் வேண்டாம், அவர்கள் முன்னால் மறுக்கத் தயங்குவார்கள். பொருத்தமான பெண் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.