தெருநாய் வீட்டுநாயாகிற முதல் மாதம்

யாழ்ப்பாணத்தில் மூன்று ஊரைச் சேர்ந்த ஆட்கள் சொல்கிறது இது.

கோண்டாவில்:
சந்தையடியில் திரிந்த வளர்ந்த நாயைக் கூட்டி வந்தால் முதல் 3 நாளும் அதன்பாட்டில் விடுங்கோ. தூக்கிக் கொஞ்சவும் வேண்டாம், குளிப்பாட்டவும் வேண்டாம். விறாந்தை மூலையில் ஒரு சாக்கு, ஒரு சட்டி தண்ணி காணும். முதுகைச் சுவரோடு ஒட்டி, முகத்தைப் படலைப் பக்கம் வைத்துச் சுருண்டு படுக்கும். கண் மூடியிருந்தாலும் காது திரும்பிக்கொண்டே இருக்கும். ஓடத்தான் பார்க்கும், அதனால் வேலியின் அடியை முதலே பாருங்கோ. கிடுகு கீழே உக்கியிருந்தால் ஒரு இரவில் கிளறிப் போய்விடும். தகர வேலிக்கு அடியில் ஒரு வரி கல் வையுங்கோ.

தலைக்கு மேலால் கையைக் கொண்டுபோகாதேங்கோ. கல்லெறி பட்ட நாய் உயர்ந்த கையைக் கண்டாலே ஒடுங்கும், சிலது கடிக்கும். பக்கவாட்டில் குந்தியிருந்து நெஞ்சைத் தடவுங்கோ. சாப்பாட்டை ஒரே ஆள், ஒரே நேரத்துக்கு வைக்கவேணும். சில கிழமையில் நடு விறாந்தையில் நாலு காலையும் நீட்டி, வயிறு தெரியச் சரிந்து நித்திரை கொள்ளும். அதைப் பார்க்கிற சந்தோசம் பெரிய சந்தோசம். சில நாய்க்கு மாதக்கணக்கு எடுக்கும், அதுவும் சரிதான்.

உரும்பிராய்:
கோண்டாவில் அண்ணை சொன்னதோடு மருந்துப் பக்கத்தையும் சேர்க்கிறன். விசர்நாய்த் தடுப்பூசியை முதல் கிழமையே போடுங்கோ. சுகாதாரப் பகுதி இலவசமாகப் போடுது, அட்டையைப் பத்திரமாக வையுங்கோ. வீட்டில் வேறு நாய் இருந்தால் 2 கிழமை பிரித்து வைக்கவேணும். குட்டியென்றால் பார்வோ (குட்டிகளைக் கொல்லுகிற தொற்று நோய்) ஊசி 6 – 8 கிழமையில் தொடங்கி, 16 கிழமை வரை 3 – 4 கிழமைக்கு ஒருக்கால். பார்வோவில் குட்டி செத்த வளவு மண்ணில் அந்தக் கிருமி ஒரு வருசம் வரை கூட இருக்கும். ஊசி முடியாத குட்டியை அங்கே விடவே கூடாது. சீமெந்து நிலத்தை முதலில் சவர்க்காரம் போட்டுக் கழுவி, பிறகு 1 பங்கு பிளீச்சுக்கு 30 பங்கு தண்ணி கலந்து ஊற்றி 10 நிமிடம் விடுங்கோ. ஊத்தை இருந்தால் பிளீச் வேலை செய்யாது.

உண்ணியை நாயில் மட்டும் பிடுங்கினால் பாதி வேலைதான். இரத்தம் குடித்த பெட்டை உண்ணி கீழே விழுந்து, சுவர் வெடிப்புக்குள் ஆயிரக்கணக்கில் முட்டை இடும். நாய்க்கு மருந்து போடுகிற அன்றே வெடிப்புகளையும் பூசி அடையுங்கோ. உதட்டைத் தூக்கிப் பல் முரசைப் (ஈறை) பாருங்கோ. வெளிறியிருந்தால், அல்லது மூத்திரம் கடும் தேத்தண்ணி நிறத்தில் போனால், உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். அன்றைக்கே மிருக வைத்தியரிட்டைக் கொண்டுபோகவேணும். சொறிக்குக் கழிவு ஒயில் பூசுகிற பழக்கத்தைத் தயவுசெய்து விடுங்கோ. தோல் எரியும், நக்கினால் அந்த நஞ்சு உள்ளேயும் போகும்.

பருத்தித்துறை:
எலும்பும் தோலுமாக வந்த நாய்க்கு முதல் நாளே வயிறு நிறையப் போடாதேங்கோ. கொஞ்சம் கொஞ்சமாக நாளைக்கு 4 தரம். உப்புப் போடாமல் அவித்த மீனை முள் எடுத்து, குழைந்த சோற்றோடு பிசையலாம். மிச்சக் குழம்பு ஊற்றவே வேண்டாம், அதில் வெங்காயம் இருக்கு. 10 கிலோ நாய்க்கு 150 கிராம் வெங்காயமே இரத்தத்தைக் கெடுக்கப் போதும், அவித்தாலும் நஞ்சு போகாது. முந்திரிகைப்பழம் (திராட்சை) சிறுநீரகத்தை அடிக்கும். தோட்டம் இருக்கிற வீட்டில் கொடிக்குக் கீழே விழுந்ததைக் கூட்டி அள்ளுங்கோ. காய்ச்சலென்று பனடோலும் கொடுக்காதேங்கோ.

பெட்டை நாயென்றால் கருத்தடையை வைத்தியரோடு முதலே கதைத்து வையுங்கோ. வெட்டினபிறகு 10 நாள் தையலை நக்க விடாமல், பழைய பெனியன் ஒன்றைப் போட்டு முதுகுப் பக்கம் முடிச்சுப் போட்டுவிட்டால் காணும்.