புதுப்பிப்பு: ஸ்லோவேனியா போய் வந்துவிட்டேன்

"ஸ்லோவேனியாவில் தனியாகக் கார் ஓட்ட முடியுமா, வலப்பக்கம் ஓட்டிப் பழக்கமில்லையே?" என்று போன மாதம் இங்கே கேட்டிருந்தேன். தைரியம் சொன்ன எல்லோருக்கும் நன்றி. நேற்றுதான் கடலூர் திரும்பினேன்.

வலப்பக்கம் அரை நாளில் பழகிவிட்டது. ரவுண்டானாவில் மட்டும் இடப்பக்கம் பார்த்து நுழைய வேண்டும். பகலிலும் முகப்பு விளக்கு எரிய வேண்டும்.

நாட்டில் பாதிக்கு மேல் காடு. ஆனால் மனதில் நிற்பது வ்ர்ஷிச் கணவாய்தான். 1,611 மீட்டர் உயரம், 50 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட பலகை. கிரான்ஸ்கா கோரா என்ற ஊர்ப் பக்கத்து வளைவுகளில் கல் பாவியிருக்கிறார்கள். டயர் ஏறும்போது ஸ்டியரிங் வழியாக அந்த அதிர்வு உள்ளங்கைக்கு வருகிறது. முதல் உலகப் போரில் ரஷ்யக் கைதிகள் போட்ட சாலை இது. 1916 பனிச்சரிவில் இறந்தவர்கள் நினைவாக வழியில் சின்ன மரத் தேவாலயம் இருக்கிறது. வண்டியை நிறுத்திவிட்டுக் கால்மணி நேரம் அங்கேயே நின்றேன். கிளம்ப மனமே வரவில்லை.

அப்புறம் இறக்கத்தில் சோச்சா ஆறு. கெடிலம் பார்த்து வளர்ந்த எனக்கு அந்தப் பச்சை நம்பவே முடியவில்லை. அடியில் கிடக்கும் கூழாங்கல்லை எண்ணலாம்.

போக நினைப்பவர்கள் கோடையில் போங்கள். குளிர்காலத்தில் பனியால் கணவாயை மூடிவிடுவார்கள்.