புப்ரெனார்ஃபின், மெத்தடோன் டோஸ் சரிசெய்யும்போது பார்த்தவை: அனுபவப் பகிர்வு

(ஓ.எஸ்.டி. என்பது ஹெராயின் போன்ற ஓபியாய்டு போதைக்கு அடிமையானவர்களுக்கு, அதற்குப் பதிலாக புப்ரெனார்ஃபின் அல்லது மெத்தடோன் மருந்தைக் கொடுக்கும் மாற்று சிகிச்சை.)

ஓ.எஸ்.டி. மருத்துவர்:
புப்ரெனார்ஃபின் ஆரம்பிக்கும்போது கெடுப்பது பெரும்பாலும் அளவு இல்லை, அவசரம். ஹெராயினைவிட இறுக்கமாக ரிசெப்டரை (மூளையில் ஓபியாய்டு ஒட்டும் இடத்தை) இது பிடித்துக்கொள்ளும், ஆனால் அதில் பாதி வேலைதான் செய்யும். உடம்பில் ஹெராயின் மிச்சமிருக்கும்போது கொடுத்தால் ஒரு மணி நேரத்துக்குள் வாந்தி, பேதி, நடுக்கம். அப்படி அவதிப்பட்டுப் போனவர் திரும்பி வருவது கஷ்டம். ஹெராயின் என்றால் கடைசியாகப் போட்டு 12 மணி நேரமாவது ஆகட்டும். மெத்தடோனிலிருந்து மாற்றுவதென்றால் முதலில் மெத்தடோனை தினம் 30 மி.கி.க்கு இறக்கி, பிறகு 24 மணி நேரத்துக்கு மேல் காத்திருங்கள். அவர் சொல்லும் மணிக்கணக்கை மட்டும் நம்பாதீர்கள். கண்மணி விரிந்திருக்கிறதா, கொட்டாவி, மூக்கொழுகல், புல்லரிப்பு இருக்கிறதா என்று பார்த்து 2 மி.கி. கொடுங்கள், ஓரிரு மணி நேரம் உட்காரவைத்து, தேவைப்பட்டால் மறுபடி 2. முதல் நாள் 8க்குள் நிறுத்திக்கொள்ளலாம்.

மைய நர்ஸ்:
"டோஸ் பத்தலை சிஸ்டர்" என்று வந்தால் முதலில் வாயைத்தான் பார்ப்போம். விழுங்கிய மாத்திரையைக் கல்லீரல் பெரும்பாலும் சிதைத்துவிடும், காசு தண்டம். வாய் உலர்ந்திருந்தால் ஒரு மடக்குத் தண்ணீர், பிறகு நுணுக்கிய பொடி நாக்குக்கு அடியில். கரையும்வரை, 5 முதல் 10 நிமிடம், பேச்சு வேண்டாம், எச்சில் விழுங்க வேண்டாம். முழு மாத்திரையாகக் கொடுத்தால் கன்னத்தில் ஒதுக்கி வெளியே கொண்டுபோவதும் நடக்கும்.

மருந்தியல் ஆள்:
மெத்தடோன் புப்ரெனார்ஃபினுக்கு நேர்மாறு, ஆபத்து பின்னால் வரும். முதல் டோஸ் பொதுவாக 20–30 மி.கி., முதல் நாள் மொத்தம் 40ஐத் தாண்டக் கூடாது. அரை ஆயுள் (இரத்தத்தில் மருந்து பாதியாகக் குறைய ஆகும் நேரம்) ஒரு நாளைக்கு மேலும் நீளும் என்பதால் அதே 30 மி.கி. ஐந்தாம் நாள் இரத்தத்தில் வெகுவாகக் கூடியிருக்கும். தினமும் ஏற்றினால் நான்காம் நாள் மூச்சு மந்தமாகும். தூக்க மாத்திரையோ சாராயமோ சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. 5–10 மி.கி.தான் ஏற்ற வேண்டும், அதுவும் மூன்று முதல் ஐந்து நாள் இடைவெளியில். மருந்து குடித்த 2–4 மணி நேரத்தில் தூங்கி வழிகிறாரா என்று பாருங்கள். அந்த நேரத்தில் சொக்கினால், காலையில் உடம்பு வலித்தாலும் ஏற்றாதீர்கள்.

காசநோய்க்கு ரிஃபாம்பிசின் ஆரம்பித்தவர் ஒரு வாரத்தில் "மருந்து வேலை செய்யல" என்பார். பொய் இல்லை, கல்லீரல் மெத்தடோனை வேகமாக எரிக்கிறது. அளவைக் கூட்டத்தான் வேண்டும். ரிஃபாம்பிசின் முடிந்த அடுத்த இரண்டு வாரத்தில் கூட்டியதைப் படிப்படியாக இறக்க வேண்டும். இதைத்தான் பல இடங்களில் கோட்டைவிடுகிறார்கள்.

புதிய உறுப்பினர்:
டேபென்டடால் என்ற ஓபியாய்டு வலி மாத்திரையைக் கரைத்து ஊசி போட்டுவிட்டு வருகிறவர்களுக்கு? 'பத்து மாத்திரைக்கு இத்தனை மி.கி.' என்று கணக்கு உண்டா?

ஓ.எஸ்.டி. மருத்துவர்:
கிடையாது சார். அதே 2 மி.கி., அதே காத்திருப்பு. மறுநாள் காலை டோஸுக்கு முன் எப்படி இருந்தார் என்பதை வைத்துதான் அடுத்த அளவு. மெத்தடோனில் இருப்பவர் ஐந்து நாள் வராமல் போனால் பழைய டோஸை அப்படியே ஊற்றிவிடாதீர்கள். தாங்கும் சக்தி போயிருக்கும், முதலிலிருந்து ஆரம்பியுங்கள்.