கொறங்காட்டைச் சோலாருக்குக் கொடுத்தால் என்ன?

தாராபுரத்தான்:
எங்கள் பக்கம் கொறங்காடுகளை, அதாவது வேலி போட்ட மேய்ச்சல் நிலங்களை, சோலார் கம்பெனிக்காரர்கள் குத்தகைக்குக் கேட்கிறார்கள். கொடுத்தால் என்ன தப்பு? விழுகிற வெயிலில் நூற்றில் ஒரு பங்கைப் பிடிக்கவே அங்கே முளைக்கும் கொழுக்கட்டைப் புல் திணறும். பேனல் சுமார் இருபது பங்கு பிடிக்கும். அந்தப் புல்லை மாடு தின்றாலும் பத்தில் ஒரு பங்குதான் உடம்பில் ஒட்டும், மிச்சம் மூச்சிலும் சூட்டிலும் சாணியிலும் போய்விடும். பள்ளிக்கூடத்தில் படித்த கணக்குதானே!

மூலனூர் பட்டிக்காரி:
அண்ணா, பிடித்ததை வைத்திருக்க வேண்டாமா? பொழுது இறங்கினால் பேனல் கைவிரித்துவிடும், பேட்டரிக்குத் தனிச் செலவு. ஐப்பசி மழையில் புல் பிடித்த வெயில், பங்குனியிலும் காய்ந்த தாளாக நிற்கிறதுங்க. காய்ந்த புல் ஒரு கிலோவில் ஏறக்குறைய 4,000 கிலோகலோரி இருக்கிறது. மாடு மொட்டையாக மேய்ந்தாலும் வேரில் இருப்பு கிடக்கும். அதனால்தான் ஒரு மழைக்கே துளிர்க்கிறது. வெள்வேல் மரத்தையும் கிளுவை வேலியையும் பாருங்கள், பல வருட வெயில் கட்டையாக நிற்கிறது. அந்த இருப்பை நம்பித்தான் காங்கேயம் மாடு கோடையைத் தாண்டுகிறது.

தாராபுரத்தான்:
சரி, 4,000 இருக்கட்டும். காய்ந்த புல்லில் பாதி வரை செரிக்காமல் சாணியாக விழுகிறதே, அது நஷ்டம் இல்லையா?

உயிரியல் வாத்தியார்:
இருவருக்கும் நடுவில் வருகிறேன். தின்னப்படும் படியிலிருந்து தின்னும் படிக்கு ஆற்றலில் பத்து சதவீதம் போய்ச் சேரும் என்பது தோராயம்தான், சட்டம் கிடையாது. அமெரிக்காவின் மினசோட்டாவில் சீடார் பாக் என்ற ஏரியை ஆராய்ந்து ரேமண்ட் லிண்டமன் எழுதிய கட்டுரை 1942இல் வந்தது. அதில் தாவரம் தின்னும் படிக்கு 13.3 சதவீதம், அதற்கு மேல்படிக்கு 22.3. கட்டுரை அச்சாவதற்குள் அவர் இறந்துவிட்டார், வயது 26தான். மாட்டுக்கு வந்தால் தாராபுரத்தார் கணக்கே தாராளம். உடம்புச் சூட்டைக் காக்கவே அது நிறையச் செலவழிக்கும், சதையாகச் சேர்வது பத்துக்கும் கீழேதான் வரும். இந்த விஷயத்தில் வெட்டுக்கிளி சிக்கனம்!

ஆனால் சாணியை நஷ்டத்தில் எழுதாதீர்கள். அதில் மிச்சமிருக்கும் ஆற்றலில்தான் சாணி வண்டும் கரையானும் பூஞ்சையும் பிழைக்கின்றன. கடைசியில் அதுவும் சூடாகக் கரைந்துவிடும், திரும்பி வராது. தழைச்சத்தும் (நைட்ரஜன்) மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) அப்படியில்லை, மண்ணுக்கே திரும்பும். பேனலில் இப்படிச் சத்தை மண்ணுக்குத் திருப்பும் வேலை நடக்காது.

தாராபுரத்தான்:
மண்ணுக்குத் திரும்புவதை வைத்து நான் வட்டி கட்ட முடியாதுங்க. குத்தகைப் பணம் மழையைப் பார்த்து வராது.

மூலனூர் பட்டிக்காரி:
பணத்தை நான் மறுக்கவில்லை. பேனலை உயர்த்தி, வரிசைக்கு வரிசை இடம் விட்டுப் போட்டால் கீழே செம்மறி மேயலாமே. நெருக்கிப் போட்டால்தான் வம்பு. கொழுக்கட்டை வெயில் கேட்கிற புல், முழு நிழலில் சோர்ந்துவிடும். மேல்மண்ணை வழித்து விட்டால் வேரில் இருந்த இருப்பும் அதோடு போச்சு.

தாராபுரத்தான்:
உயர்த்திப் போட இரும்புச் செலவு கூடும், கம்பெனிக்காரர் ஒத்துக்கொள்ள வேண்டுமே. மண்ணை வழிக்கக் கூடாது என்று பத்திரத்தில் எழுதி வாங்கியவர் இங்கே யாராவது இருந்தால் சொல்லுங்கள், அந்த வாசகம் எனக்கு வேண்டும்.