பழைய காணி உறுதி வாசிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறீர்களா?

வணக்கம். மல்லாகத்து வீட்டைத் திருத்தும்போது அம்மப்பாவின் றங்குப்பெட்டியில் ஒரு கட்டுக் காணி உறுதிகள் (காணி உரிமைப் பத்திரங்கள்) அகப்பட்டன. இராமபாணப் பூச்சி தின்றது போக மிஞ்சியவை. ஒன்றில் 'பரப்பு', 'குழி' என்ற நில அளவைச் சொற்கள் எல்லாம் தெளிவாக இருக்கின்றன. அளவு மட்டும் பழைய தமிழ் எண்களில். க, உ வரை எனக்குப் பிடிபடுகிறது. கால், மாகாணி போன்ற பின்னக் குறிகளில்தான் திண்டாடுகிறேன்.

இன்னொன்றில் 'தோம்பின்படி' என்று இருக்கிறது. 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர், கோவிற்பற்று (தேவாலயப் பங்குப் பிரிவு) வாரியாகக் காணியையும் உடையவரையும் பதிந்த தோம்பைத்தான் சொல்கிறது என்று நினைக்கிறேன். அக்காலத்துத் தோம்புகள் கொழும்பில் தேசிய சுவடிகள் காப்பகத்தில் இருக்கின்றன. அங்கே போய்த் தேடியவர்கள் யாராவது உண்டா? காணியின் பெயர் மட்டும் போதுமா, கோவிற்பற்றும் தெரிய வேண்டுமா? ஒல்லாந்தக் கையெழுத்தை வாசித்துத் தருபவர்கள் கிடைப்பார்களா?

மருமகன் இவற்றை லேமினேட் செய்துவிடலாம் என்கிறான். 1981இல் யாழ்ப்பாண நூலகத்தோடு ஏட்டுச் சுவடிகளும் எரிந்ததைப் பார்த்த தலைமுறை நான். தாளைத் தொடவே கை நடுங்குகிறது. அவனிடம் என்ன சொல்லித் தடுப்பது என்றும் சொல்லுங்கள். பெயர்களை மறைத்துப் படங்களைக் கீழே இட்டிருக்கிறேன்.