மறு: தபால்தலை அச்சுமுறைகள் – ஃபோட்டோகிராவூருக்கு 'ஒளிக்குழியச்சு'

குழுவினருக்கு வணக்கம். தபால்தலை அச்சுமுறைகளுக்கான நம் சொற்பட்டியலில், உருளையில் அரித்த நுண்குழிகளில் மை நிரப்பி அச்சிடும் ஃபோட்டோகிராவூருக்கு 'ஒளிக்குழியச்சு' என்று போடலாம் என்கிறேன். அதற்கு வந்த கேள்விகளுக்கு என் பதில் இது.

> ஃபோட்டோகிராவூருக்கு 'ஒளியச்சு' போதுமே, எளிமையாக இருக்கிறது.

எளிமைதான். ஆனால் அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே வேறு வேலை இருக்கிறது. ஈய எழுத்துப் போய், ஒளி வழியாக எழுத்துக் கோத்த காலத்துத் தமிழ்ப் புத்தகங்களைப் புரட்டினால், அச்சுக்கோத்தவர் பெயருக்கு முன் 'ஒளியச்சு' என்று போட்டிருப்பார்கள். அதோடு, ஆஃப்செட் (மறுதோன்றி) தகட்டிலும் படம் ஒளி வழியாகத்தான் ஏறுகிறது. ஒளியை மட்டும் சொன்னால் இரண்டும் குழம்பிவிடும்.

மை எங்கே தங்குகிறது என்பதை வைத்துப் பெயரிடலாம் என்பது என் யோசனை. மேட்டில் தங்கினால் மேட்டச்சு. குழியில் தங்கினால் குழியச்சு. சமதளத்துக்குக் கல்லச்சு (லித்தோகிராஃபி), மறுதோன்றி என்ற பழகிய சொற்களே இருக்கட்டும். 'புடைப்பச்சு' இங்கே வேண்டாம், அது தாளையே புடைக்க வைக்கும் எம்போசிங்குக்குத் தேவைப்படும்.

நம் தபால்தலைகளை வைத்தே சோதித்துப் பார்த்தேன். 1854-இல் கல்கத்தாவில் அடித்த அரையணாத் தலை கல்லச்சு. அடுத்த ஆண்டிலிருந்து லண்டனின் டி லா ரூ அச்சு நிறுவனத்திடமிருந்து வந்தவை மேட்டச்சு. 1920-களின் நடுவில் தொடங்கிய நாசிக் செக்யூரிட்டி பிரஸும் (அரசு அச்சகம்) முதலில் மேட்டச்சில்தான் அடித்தது. புது தில்லித் திறப்பு விழாவுக்கான 1931-இன் தலைகளும், 'ஜெய்ஹிந்த்' என்று பொறித்த 1947-இன் தலைகளும் மறுதோன்றி. 1948 ஆகஸ்ட் 15 அன்று வந்த காந்தி தலைகளை சுவிட்சர்லாந்தின் கூர்வாசியே நிறுவனம் ஃபோட்டோகிராவூரில் அச்சிட்டுக் கொடுத்தது. அந்த முறையை நாசிக் கையில் எடுத்தது 1952-இல். அக்டோபர் 1 அன்று கபீர், துளசிதாசர், மீரா, சூர்தாஸ், காலிப், தாகூர் என ஆறு தலைகள் வந்தன. தாகூரின் தாடியை லென்ஸ் வைத்துப் பாருங்கள்: வெளுப்பிலிருந்து அடர்த்திக்கு நிறம் படிப்படியாக இறங்கும். மேட்டச்சில் இது நடக்காது. அங்கே மை ஒன்று படும், இல்லையென்றால் படாது.

> பென்னி பிளாக்கும் குழியில் மை நிற்பதுதானே? இரண்டுக்கும் ஒரே சொல்லா?

நல்ல கேள்வி. உலகின் முதல் தபால்தலையான 1840-இன் பென்னி பிளாக்கில் கைவினைஞர் எஃகில் உளியால் கோடு கோடாகச் செதுக்கினார். ஃபோட்டோகிராவூரில் செதுக்குபவர் கிடையாது. ஒளிபட்டு இறுகும் ஜெலட்டின் படலத்தில் படத்தையும் நுண்ணிய கட்டத்திரையையும் பதித்து, அதைச் செப்பு உருளையில் ஒட்டினார்கள். மெல்லிய இடத்தில் அமிலக் கரைசல் ஆழமாக அரிக்கும், தடித்த இடத்தில் லேசாக. ஆழமான குழியில் மை அதிகம், அதனால் நிறமும் அடர்த்தி. எழுத்தின் ஓரம் லென்ஸில் ரம்பப் பல்லாகத் தெரிவதற்குக் காரணம் அந்தக் கட்டத்திரைதான். ஆகவே முன்னதைச் 'செதுக்குக் குழியச்சு', பின்னதை 'ஒளிக்குழியச்சு' என்று பிரிக்கலாம். இரண்டுக்கும் பொதுவாகக் 'குழியச்சு' இருக்கும்.

பேச்சில் சேகரிப்பாளர்கள் ஃபோட்டோகிராவூர் என்றே சொல்லட்டும், அதில் தப்பில்லை. சொற்பட்டியலில் இப்படிப் போடலாம்:

ஒளிக்குழியச்சு: ஒளிப்பதிவின் உதவியால் உருளையில் வெவ்வேறு ஆழத்தில் அரித்த நுண்குழிகளில் மையை நிரப்பித் தாளில் பதிக்கும் முறை.

அப்புறம், உருளையின் மேல்பரப்பில் மிஞ்சிய மையை வழித்தெடுக்கும் மெல்லிய எஃகுத் தகட்டை அச்சகங்களில் டாக்டர் பிளேடு என்கிறார்கள். அதற்கு 'வழிப்பலகு' சரிவருமா? கிராவூர் எந்திரத்தில் வேலை பார்த்தவர்கள் யாராவது சொன்னால் அதையும் சேர்த்துவிடலாம்.

அன்புடன்.