சர்வர், ஸ்டோரேஜ் வேலைக்கு வெளிநாடு வந்தவர்களுக்கு: காண்ட்ராக்டைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள்

போன வாரம் ஒரு தம்பி கேட்டிருந்தார்: "அண்ணா, சர்வர் விற்கிற கம்பெனியில் சப்போர்ட் வேலைக்கு வந்திருக்கிறேன். ஹார்டுவேர் எல்லாம் தெரியும். வேறு என்ன தெரிந்திருக்க வேண்டும்?" இதே நிலையில் இன்னும் சிலர் இருப்பீர்கள் என்பதால் பொதுவாகவே எழுதிவிடுகிறேன்.

டிஸ்க் மாற்றுவது, மதர்போர்டு மாற்றுவது எல்லாம் இரண்டு மாதத்தில் கைக்கு வந்துவிடும். வம்பு வருவது வாடிக்கையாளரோடு போட்டிருக்கும் சப்போர்ட் காண்ட்ராக்டில் இருக்கும் வார்த்தைகளால்தான். "நான்கு மணி நேர ரெஸ்பான்ஸ்" என்று இருந்தால், பெரும்பாலான காண்ட்ராக்டுகளில் அதற்கு அர்த்தம் நான்கு மணி நேரத்துக்குள் ஆள் வந்து சேரும் என்பது மட்டும்தான். அதற்குள் சரியாகிவிடும் என்று அர்த்தமில்லை. அப்படி வேண்டுமென்றால் ரிப்பேர் நேரத்துக்கே உறுதி தரும் காண்ட்ராக்ட் தனி, விலையும் தனி. வாங்கும்போது வாடிக்கையாளர் இதைக் கவனித்திருக்க மாட்டார். சர்வர் விழுந்த அன்றுதான் கவனிப்பார், அப்போது எதிரில் நிற்பது நீங்கள்.

"அடுத்த வேலை நாள்" என்பதும் இப்படித்தான். வெள்ளிக்கிழமை மாலை குறிப்பிட்ட நேரத்தைத் தாண்டி கேஸ் (பழுதுப் புகார்) பதிவானால், கணக்கு திங்கட்கிழமைதான் தொடங்கும். ஆள் வருவது செவ்வாய். போனில் வாடிக்கையாளர் கத்தும்போது "நாளைக்கே பார்த்துவிடலாம்" என்று வாயில் வரும், சொல்லிவிடாதீர்கள். காது கொடுத்துக் கேட்கிறோம் என்பதற்காக நாம் போடும் "சரி, சரி"யை இங்கே ஒப்புக்கொண்டதாகவே எடுத்துக்கொள்வார்கள். பேசி முடித்ததும் என்ன முடிவானது என்று இரண்டு வரி மெயில் போட்டுவிடுங்கள்.

என் சொந்தக் கூத்து ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வந்த முதல் வருடம், இரவு இரண்டு மணிக்கு ஒரு கேஸ். ரெய்டு 5 வால்யூமில் (ஒரு டிஸ்க் போனாலும் டேட்டா தப்பும்படி பல டிஸ்குகளை ஒன்றாகச் சேர்த்தது) ஒரு டிஸ்க் போய்விட்டது. மேனேஜ்மென்ட் திரையில் "டிஸ்க் 3" என்று இருந்தது. இடமிருந்து ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி உருவிவிட்டேன். எண்ணிக்கை 0-வில் தொடங்குகிறது. பக்கத்து டிஸ்கில் ஆரஞ்சு விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. தூக்கக் கலக்கத்தில் எண்ணை நம்பினேன், விளக்கைப் பார்க்கவில்லை. ரெய்டு 5 ஒரு டிஸ்கின் இழப்பைத்தான் தாங்கும். அடுத்த நொடியே வால்யூம் ஆஃப்லைன். உருவியதைத் திரும்பச் செருகினேன், டிஸ்குகளை நிர்வகிக்கும் கன்ட்ரோலர் அதை "ஃபாரின்", அதாவது வெளியிலிருந்து வந்த டிஸ்க், என்று காட்டியது. திரையில் இம்போர்ட் (டிஸ்கில் இருக்கும் ரெய்டு அமைப்பை ஏற்றுக்கொள்வது), கிளியர் (அந்த அமைப்பை அழிப்பது) என இரண்டு தேர்வுகள். நல்லவேளை, எதையும் அழுத்தாமல் மேல்நிலை சப்போர்ட்டைக் கூப்பிட்டேன். மூன்று மணி நேரம் கழித்து டேட்டா திரும்பி வந்தது. அன்றிலிருந்து திரையில் லொகேட் (அந்த டிஸ்கின் விளக்கை மினுங்க வைக்கும் தேர்வு) கொடுத்து, விளக்கு மினுங்குவதைக் கண்ணால் பார்க்காமல் எந்த டிஸ்கிலும் கை வைப்பதில்லை.

டிஸ்க் மாற்றியதும் வேலை முடிந்தது என்று கிளம்பிவிடவும் கூடாது. மற்ற டிஸ்குகளை வைத்துப் புதியதில் டேட்டாவை மறுபடி எழுதி முடிக்க வேண்டும். 20 டெராபைட் டிஸ்கை நொடிக்கு 200 மெகாபைட் வேகத்தில் நிரப்பினாலே 28 மணி நேரம் ஆகும். அதுவும் வேறு வேலையே ஓடாத பட்சத்தில். அதற்குள் இன்னொன்று போனால்? அது என்ன அவ்வளவு சுலபமா என்று நினைக்காதீர்கள். 2019 நவம்பரில் சர்வர் விற்கும் ஹெச்பிஇ நிறுவனமே ஓர் அறிவிப்பு விட்டது: சில எஸ்ஏஎஸ் எஸ்எஸ்டிகள் (சர்வர்களில் போடும் ஒரு வகை டிஸ்க்) ஃபர்ம்வேர் (டிஸ்கின் உள்ளேயே இருக்கும் மென்பொருள்) குறையால் சரியாக 32,768 மணி நேரம் ஓடியதும் செத்துவிடும், டேட்டாவும் திரும்பாது என்று. ஒரே நாளில் ஆன் செய்த டிஸ்குகள் ஒரே நேரத்தில் போனால் எந்த ரெய்டு காப்பாற்றும்? ஃபர்ம்வேர் அப்டேட் செய்யச் சொன்னால் வாடிக்கையாளர் டவுன்டைம் (சர்வரை நிறுத்தி வைக்கும் நேரம்) தர முகம் சுளிப்பார். அப்போது இந்தக் கதையைச் சொல்லுங்கள். எனக்குப் பல முறை கைகொடுத்திருக்கிறது.

பழைய பெட்டிகள் விஷயத்தில் முகப்பில் இருக்கும் பெயரை நம்பிப் போக வேண்டாம். ஐபிஎம்மின் எக்ஸ்86 (இன்டெல் வகை சிப்) சர்வர் தொழில் 2014-இல் லெனோவாவுக்குப் போனது, பவர் சர்வர்களும் மெயின்ஃபிரேமும் ஐபிஎம்மிடமே இருக்கின்றன. சர்வர் விற்ற சன் நிறுவனம் 2010-இல் ஆரக்கிளிடம் போனது, ஸ்டோரேஜ் விற்ற இஎம்சி 2016-இல் டெல்லிடம். சீரியல் நம்பரை வைத்துத்தான் கேஸ் திறக்க வேண்டும்.

ஒரு தோழி, சேல்ஸ் பக்கம் போகலாமா என்று கேட்டிருந்தார். போகலாம், ஆனால் ஆஃபர் லெட்டரில் நிலையான சம்பளம் எவ்வளவு, இலக்கை எட்டினால் மட்டும் வருவது எவ்வளவு என்று பிரித்துப் பாருங்கள். மொத்தத் தொகையைப் பார்த்து வீட்டு வாடகைக்கு ஒப்புக்கொண்டு திண்டாடியவர்கள் உண்டு. அப்புறம் டீல் ரெஜிஸ்ட்ரேஷன். ஒரு வாடிக்கையாளரின் தேவையை உற்பத்தியாளரிடம் முதலில் பதிவு செய்யும் பார்ட்னருக்குத்தான் (இடையில் நின்று விற்கும் கம்பெனி) சிறப்பு விலை கிடைக்கும். பின்னால் வருபவர் எவ்வளவு முட்டினாலும் அந்த விலையைத் தொடுவது கடினம். எனவே எந்த டீல் எந்தப் பார்ட்னருடையது என்று தெரியாமல் வெளியில் வாய் திறக்காதீர்கள். சப்போர்ட்டை மூன்று வருடத்துக்கு விற்றுவிட்டு, நான்காம் வருட ரினியூவல் விலையோடு போய் நின்றால் நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்வீர்கள். ஐந்து வருடம் ஓட்டப்போகிறவர் என்றால் ஐந்துக்கும் சேர்த்தே முதலிலேயே விலை கொடுங்கள். வங்கி மாதிரி இடமென்றால், பழுதான டிஸ்கை அவர்களே வைத்துக்கொள்ளும் வசதியையும் சேர்த்து விடுங்கள். டேட்டா இருக்கும் டிஸ்கை அவர்கள் கையிலிருந்து வாங்கவே முடியாது.

மற்றபடி ஃபீல்டு வேலைக்கு இந்த நாட்டு டிரைவிங் லைசென்ஸை முதல் வேலையாக எடுங்கள். பெரும்பாலான டேட்டா சென்டர்களில் உங்கள் பெயர் முன்கூட்டியே பட்டியலில் இல்லையென்றால் வாசலோடு திரும்ப வேண்டியதுதான், பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயரைக் கொடுங்கள். இனிஷியல் எங்கே வருகிறது என்பதில் நான் இரண்டு முறை மாட்டியிருக்கிறேன். சில அரசுத் துறை இடங்களுக்குக் குடியுரிமை இருந்தால்தான் அனுமதி, அது உங்கள் திறமையைப் பற்றியது அல்ல.

அறுபது டிஸ்க் கொள்ளும் ஸ்டோரேஜ் பெட்டி முழுதாக நிரம்பினால் நூறு கிலோவைத் தாண்டும். புதிதாக வந்த வேகத்தில் தனியாகத் தூக்கிக் காட்டாதீர்கள். பெட்டியைத் தூக்கும் லிஃப்ட் கருவி கேளுங்கள், இல்லையென்றால் இன்னொரு ஆள் வரும் வரை நில்லுங்கள்.